வாரச் சமையல் திட்டத்துக்குப் பெரிய மார்க்கெட்: ஒரு மதிப்பீடு

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் காலை ஏழரைக்குள் சாப்பாட்டு டப்பாக்கள் எல்லாம் மூடப்பட வேண்டும். மாலையில் திரும்பியதும் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி, அதன் பிறகு இரவுக்கு ஒரு டிபன். கைவேலையை எப்படியாவது செய்துவிடலாம். என்ன குழம்பு, என்ன பொரியல் என்று நாள்தோறும் யோசிப்பதும், யோசித்து முடித்த பிறகு அதற்கு வேண்டிய காய் வீட்டில் இல்லை என்று தெரியவருவதும்தான் ஆளைச் சோர்ந்துபோக வைக்கின்றன. இதனால்தான் பல குடும்பங்கள் ஒரு வாரத்துக்கான சமையலை முன்கூட்டியே எழுதி வைக்கப் பழகிவருகின்றன. அப்படி எழுதி வைக்கும் குடும்பம் ஒன்று வாரத்துக்கு ஒரே முறை கடைக்குப் போவதென்றால், புதுச்சேரியில் குபேர் அங்காடி அதற்கு ஏற்ற இடமா என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். வெளியூரிலிருந்து வருபவர்கள் அங்குள்ள பூக்கடைகளைப் படமெடுத்துப் போகிறார்கள். நான் அங்கே போவது ஏழு நாள் சமையலுக்காக. அந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால், சில தொல்லைகளைப் பொறுத்துக்கொள்ள முடிந்தவர்களுக்கு இதைவிடச் சிறந்த இடம் ஊருக்குள் இல்லை என்பது என் முடிவு.

புதுச்சேரியின் முதல் முதலமைச்சராக 1963-ல் பொறுப்பேற்ற எதுவார் குபேரின் பெயரைத் தாங்கியிருந்தாலும், ஊர்க்காரர்களுக்கு அது எப்போதும் பெரிய மார்க்கெட்தான். நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவே, காந்தி வீதியை ஒட்டி இருக்கிறது. உள்ளே மணிக்கூண்டு ஒன்று உண்டு. காய்கறி, கீரை, பழம், பூ, வாழையிலை, மளிகை, மீன், கறி, கருவாடு என்று ஒரு வீட்டுக்கு வேண்டிய எல்லாமும் ஒரே வளாகத்துக்குள் கிடைக்கின்றன. வாரத் திட்டம் போடுபவர்களுக்கு இந்த ஒன்றே பெரிய வசதி. காய்க்கு ஓரிடம், மீனுக்கு ஓரிடம், மளிகைக்கு வேறோர் இடம் என்று மூன்று இடங்களுக்கு அலைந்தால், திட்டம் போட்டதால் மிச்சமான நேரம் வண்டியிலேயே கரைந்துவிடும்.

இந்த மார்க்கெட்டை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டுமென்றால், வீட்டிலிருந்து கிளம்பும்போது பட்டியல் பாதிதான் எழுதப்பட்டிருக்க வேண்டும். திங்கட்கிழமை முருங்கைக்காய்ச் சாம்பார், செவ்வாய்க்கிழமை பீன்ஸ் பொரியல் என்று காயின் பெயரோடு எழுதிக்கொண்டு போனால், அன்றைக்கு முருங்கைக்காய் குச்சியாகக் காய்ந்து கிடந்தாலும், பீன்ஸ் இரட்டிப்பு விலைக்கு விற்றாலும் அதையே வாங்க வேண்டியதாகிவிடும். அதற்குப் பதிலாக, ஒரு நாள் சாம்பார், ஒரு நாள் காரக்குழம்பு, ஒரு நாள் மோர்க்குழம்பு, ஒரு நாள் கீரை, நேரமே இல்லாத நாளுக்கு எலுமிச்சைச் சாதமோ தக்காளிச் சாதமோ என்று வகையை மட்டும் எழுதிக்கொண்டு போக வேண்டும். எந்தக் காய் எந்த வகைக்குள் போகும் என்பதைக் கடைவரிசையில் நடக்கும்போது தீர்மானித்துக்கொள்ளலாம். மோர்க்குழம்புக்கு வெண்பூசணி, வெண்டைக்காய், சேப்பங்கிழங்கு ஆகிய மூன்றில் எது அன்றைக்கு நன்றாக இருக்கிறதோ அது. ஏறக்குறைய ஒரே காயைப் பல கடைகளில் அடுத்தடுத்துப் பார்க்க முடிகிற இடத்தில்தான் இப்படித் தேர்ந்தெடுக்க இயலும். தெருமுனைக் கடையில் இருப்பதைத்தான் எடுத்துக்கொள்ள முடியும்.

வகைகளை நாட்களுக்குப் பங்கிடுவதற்கு நாள்காட்டியைத்தான் முதலில் புரட்டிப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் மீனும் கறியும் இல்லை. மாமியாருக்கு அமாவாசையும் கிருத்திகையும் சேர்ந்துகொள்கின்றன. புரட்டாசியில் மாதம் முழுவதும் சைவமாக இருக்கும் வீடுகள் இந்த ஊரில் நிறைய. எங்கள் தெருவிலேயே உள்ள கிறிஸ்தவக் குடும்பங்களில் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளுக்கு அதே கட்டுப்பாடு உண்டு. வெளிநாட்டு முறையில் அச்சிட்ட வாரப் பட்டியல்களை அப்படியே எடுத்துக்கொண்டால் நம் வீடுகளில் அவை ஒரு வாரம்கூடத் தாங்காமல் போவதற்கு இதுவே காரணம். நம்முடைய வாரத்துக்கு ஏற்கெனவே ஓர் அமைப்பு இருக்கிறது. அந்த அமைப்புக்குள் காய்களை இட்டு நிரப்புவதே நம் வேலை.

கீரைப் பகுதியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாரத் திட்டம் பெரும்பாலும் உடைந்துபோவது கீரையில்தான். முளைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி, முருங்கைக்கீரை என்று காலை வேளையில் ஈரம் சொட்டச் சொட்டக் கட்டுகள் வந்திறங்குகின்றன. எல்லாக் கீரையும் ஒரே அளவு நாள் தாங்காது. நான் வழக்கமாக வாங்கும் ஆயாவிடம் இரண்டு கட்டு கேட்டால், என்றைக்குச் சமைக்கப்போகிறேன் என்று கேட்காமல் அவர் எடுத்துத் தருவதில்லை. “இத நாளைக்கே கடைஞ்சுடும்மா, தண்ணி பட்டது, தாங்காது. திங்கக்கெழமைக்குன்னா இந்தக் கட்ட எடுத்துக்க, வேரோட இருக்கு பாரு” என்று சொல்லி, வேர்ப்பக்கத்து மண்ணைத் தட்டிவிட்டுத் தனியாகப் பழைய செய்தித்தாளில் சுற்றித் தருவார். “சரி ஆயா, ரெண்டையும் தனித்தனியாவே குடுங்க” என்று வாங்கிக்கொண்டு வந்தால், இரண்டு நாள் கீரை அங்கேயே திட்டமாகிவிடுகிறது. நெகிழிப் பையில் கட்டிக் குளிர்பெட்டியில் அடுக்கி விற்கும் கீரைக்குப் பக்கத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க ஆள் கிடையாது. இந்தக் கேள்வியின் மதிப்பை நான் மிக உயர்வாகக் கருதுகிறேன்.

கீரையில் தொடங்கும் இந்த ஒழுங்கை வாரம் முழுவதற்கும் நீட்டலாம். சனிக்கிழமை வாங்குகிறோம் என்றால், கீரையும் வாழைப்பூவும் ஞாயிறு, திங்களுக்குள் முடிந்துவிட வேண்டும். வாழைப்பூவை ஆய்வதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் அதை விடுமுறை நாளுக்கே ஒதுக்குவது நல்லது. வெண்டைக்காய், கத்திரிக்காய், புடலங்காய், பீர்க்கங்காய் செவ்வாய், புதனுக்குள். அவரைக்காய், பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ் வியாழக்கிழமை வரை நிற்கும். உருளை, சேனை, சேப்பங்கிழங்கு, கருணை, வெட்டாத பூசணி ஆகியவை வாரக் கடைசிக்கு. தக்காளியில் மட்டும் பழமாகப் பாதி, செங்காயாகப் பாதி என்று பொறுக்கி எடுத்தால் ஏழு நாளும் ஓடும். பெரிய மார்க்கெட்டில் கூடையிலிருந்து நாமே பொறுக்கிக்கொள்ள விடுகிற கடைகள் இருப்பதால் இது சாத்தியமாகிறது. வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் போட்டு வைத்தால் இரண்டும் விரைவில் கெடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

எவ்வளவு வாங்குவது என்பதில்தான் பலரும் குறைத்துக் கணக்கிடுகிறார்கள். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களில், வளர்ந்தவர் ஒருவருக்கான மாதிரி உணவுத் தட்டில் நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் இடம்பெறுகின்றன. அந்தக் காய்கறியில் கீரையும் அடங்கும். வளர்ந்தவர் நால்வர் இருக்கும் வீட்டுக்கு இதைப் பெருக்கினால் ஒரு நாளைக்கு 1.6 கிலோ, ஒரு வாரத்துக்கு 11 கிலோவுக்குச் சற்று மேல் வரும். ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போய் ஐந்து கிலோ வாங்கி வந்துவிட்டு, வாரத்துக்கு வாங்கியாகிவிட்டது என்று நினைத்தால் புதன்கிழமையே கூடை காலியாகிவிடும், அதன் பிறகு உருளைக்கிழங்கும் அப்பளமுமே துணை. இந்த அளவு காயை வாரந்தோறும் வாங்கும்போது கிலோவுக்குச் சில ரூபாய் வேறுபாடுகூட மாதக் கடைசியில் தெரியும். மார்க்கெட்டின் விலை அப்போதுதான் நமக்குச் சாதகமாக வேலை செய்கிறது. கால் கிலோ, அரைக் கிலோ வாங்குபவர்களுக்கு வண்டிச் செலவைக் கழித்தால் பெரிய ஆதாயம் இருக்காது.

காய்களின் தரத்தைப் பொறுத்தவரை நாட்டுக் காய்களில் இந்த மார்க்கெட்டுக்கு நல்ல மதிப்பெண் தருவேன். பக்கத்துக் கிராமங்களில் விளையும் கத்திரி, வெண்டை, கொத்தவரை, சுரை, பாகல் ஆகியவை பறித்த பசுமை மாறாமல் கிடைக்கின்றன. மலைக்காய்கள் தொலைவிலிருந்து வருவதால் அவற்றில் பெரிய கடைகளுக்கும் மார்க்கெட்டுக்கும் குறிப்பிட்டுச் சொல்லும்படியான வேறுபாட்டை நான் காணவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் கீரையும் தக்காளியும் விலை ஏறுவதோடு தரமும் குறையும். அந்த மாதங்களில் திட்டத்தைக் கிழங்கு, பூசணி, வாழைக்காய், பயறு வகைகளின் பக்கம் சாய்த்துக்கொள்வதே அறிவுடைமை.

மீன் பகுதி இந்த மார்க்கெட்டின் உயிர். விற்பவர்களில் பெரும்பாலோர் மீனவப் பெண்கள். வஞ்சரம், வவ்வால், சங்கரா, கிழங்கான், நெத்திலி, காரப்பொடி, இறால், நண்டு என்று விலைக்கும் வாய்க்கும் ஏற்ற எல்லாமும் பலகைகளில் பரப்பியிருக்கும். வாரத் திட்டத்தில் மீனுக்கு வஞ்சரம் என்று எழுதிவைப்பது தேவையற்ற செலவு. வறுப்பதற்கு ஒன்று, குழம்புக்கு ஒன்று என்று மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, செவுள் சிவந்தும் கண் தெளிந்தும் இருப்பதை, விரலால் அழுத்தினால் குழி விழாமல் மேலெழும்புவதை வாங்க வேண்டும். நெத்திலி மலிவாகக் கிடைக்கும் நாளில் அதையே குழம்புக்கும் வறுவலுக்கும் வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு முள் தொல்லையும் குறைவு. ஞாயிற்றுக்கிழமை வைக்கும் மீன்குழம்பு திங்கட்கிழமை காலை இட்லிக்கு இன்னும் கூடுதலாக ருசிக்கும் என்பது இங்கே எல்லா வீட்டுக்கும் தெரிந்ததுதான். திங்கட்கிழமைக் காலையின் ஒரு சட்னி வேலை அதனால் குறைகிறது. புதன்கிழமைக்கென்று எடுத்துவைக்கும் மீனைச் சுத்தம் செய்து, ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, வாங்கிய அன்றே உறைபெட்டியில் வைத்துவிட வேண்டும். வெறும் குளிர்பெட்டியில் இரண்டு நாளுக்கு மேல் மீனை நம்பக் கூடாது.

மீனைத் திட்டமிடுபவர்கள் ஆண்டுக் கணக்கையும் பார்க்க வேண்டும். மீன்களின் இனப்பெருக்கக் காலத்தை முன்னிட்டுக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்ற தடை நடைமுறையில் இருக்கிறது. அந்த இரண்டு மாதங்களில் நாட்டுப்படகுகள் கொண்டுவரும் மீன்தான் புதிதாகக் கிடைக்கும். வரத்துக் குறைவு, விலை அதிகம். அந்த நாட்களில் மீன் எழுதியிருந்த கட்டத்தில் ஒரு வாரம் முட்டைக்குழம்பு, ஒரு வாரம் கருவாட்டுக்குழம்பு என்று மாற்றிக்கொள்ளலாம். அதே மார்க்கெட்டில் கருவாடு தனியாக விற்கிறார்கள். அது கோடையில் மாங்காயோடும், மற்ற நாட்களில் மொச்சை, கத்திரிக்காயோடும் நன்றாகச் சேரும். புரட்டாசியில் நிலைமை தலைகீழாகும். மீன் கேட்பவர்கள் குறைந்து விலை இறங்கும், காய்கறி விலை உயரும். அசைவம் நிறுத்தாத வீட்டார் அந்த மாதத்தில் மீனை ஒரு நாள் கூட்டிக்கொண்டால் செலவு சமனாகும்.

மளிகைப் பகுதியைச் சுருக்கமாகவே சொல்லலாம். பருப்பும் புளியும் மிளகாயும் எங்கும் கிடைப்பவைதான். ஆனால் தாளிப்பு வடகத்தை மட்டும் தனியாகக் குறிப்பிட வேண்டும். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம் எல்லாம் சேர்த்து இடித்து, விளக்கெண்ணெய் தொட்டுப் பிசைந்து, உருட்டிக் கோடை வெயிலில் காயவைத்த அந்த உருண்டையில் கொஞ்சம் உதிர்த்துப் போட்டால் குழம்புக்குத் தாளிப்பு முடிந்தது. காலை ஆறு மணிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டு நிற்க முடியாதவர்களுக்கு நம் முன்னோர் செய்துவைத்திருக்கும் வசதி அது. புதுச்சேரி, கடலூர் பக்கத்துச் சமையலுக்கே உரிய மணமும் அதில்தான் இருக்கிறது. வீட்டில் போட இயலாதவர்கள் சித்திரை, வைகாசியில் புதிதாக வரும்போது வாங்கி, ஈரம் படாத ஜாடியில் வைத்துக்கொண்டால் ஆண்டு முழுவதும் வரும்.

இனிக் குறைகள். வண்டி நிறுத்துவதுதான் முதல் தொல்லை. சுற்றியுள்ள வீதிகள் கடைத்தெருக்கள் என்பதால் நேரம் ஆக ஆக இரு சக்கர வாகனத்துக்கே இடம் தேட வேண்டியிருக்கும், காரில் வருபவர்கள் சற்றுத் தொலைவில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் காந்தி வீதியில் ஞாயிறு சந்தை கூடுவதால் அந்தப் பக்கம் நெருங்கவே கடினம். வாரக் கொள்முதலுக்கு ஞாயிறைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். உள்ளே நடைபாதைகள் குறுகலானவை. சுமைக்கூடைகள் எதிரே வரும்போது ஒதுங்கி நிற்க வேண்டும். மீன் பகுதியில் தரை எப்போதும் ஈரமாக இருப்பதால் முதியவர்களையும் சிறு பிள்ளைகளையும் அங்கே அழைத்துப் போவதைத் தவிர்க்கலாம், வழுக்காத செருப்பு கட்டாயம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்த மார்க்கெட்டைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்காக வீட்டில் இன்னொருவர் போய்வருவதே முறை.

கைபேசியில் சொன்னால் வீட்டு வாசலுக்கே காய் வந்துவிடும் இந்தக் காலத்தில் ஏன் இவ்வளவு அலைச்சல் என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. குழந்தைக்குக் காய்ச்சல், தேர்வு நேரம், அடைமழை ஆகிய நாட்களில் நானும் அந்தச் சேவைகளைத்தான் நாடுகிறேன், அவற்றால் பெரும் உதவி கிடைக்கிறது. ஆனால் அவற்றில் வாங்கும்போது பட்டியலை நாமே முழுதாக எழுதி முடித்தாக வேண்டும். இன்றைக்கு எது இளசு, எது முற்றல், எது நாளைக்குத் தாங்காது என்று சொல்ல யாரும் இல்லை. முற்றிய வெண்டைக்காய் அரைக் கிலோ வந்து சேர்ந்தால் ஒரு நாள் பொரியல் போயிற்று. வாரத்துக்கு ஒரே முறை வாங்கும் வீட்டில் ஒரு காய் கெட்டால் அந்த நாளின் திட்டமே குலையும் என்பதால், கையால் தொட்டு வாங்குவதற்கு நான் கூடுதல் மதிப்பளிக்கிறேன். குளிரூட்டிய பெரிய கடைகள் மளிகைக்கும் பாலுக்கும் வசதியானவை, வண்டி நிறுத்த இடமும் தருகின்றன. கீரைக்கும் மீனுக்கும் அவற்றை என்னால் மார்க்கெட்டுக்குச் சமமாக வைக்க முடியவில்லை.

மார்க்கெட்டிலிருந்து வந்த பிறகு வீட்டில் செய்யும் வேலையும் இந்தத் திட்டத்தின் பகுதிதான். சனிக்கிழமை மாலையே நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்தும் கொஞ்சம் வெந்தயமும் ஊறவைத்து அரைத்துவிட்டால், மாவு முதல் இரண்டு நாள் இட்லிக்கும், அடுத்த இரண்டு நாள் தோசைக்கும், புளிப்பேறிய கடைசிப் பங்கு வெங்காய ஊத்தப்பத்துக்கோ குழிப்பணியாரத்துக்கோ ஆகும். அதே நேரத்தில் வீட்டில் உள்ள எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கீரை ஆய்வது, பீன்ஸ் நரம்பு எடுப்பது, பூண்டு உரிப்பது ஆகியவற்றைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். என் பிள்ளைகள் இருவரும் கொத்தமல்லியை ஆய்ந்து துணியில் சுற்றி வைப்பதைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களே ஆய்ந்து வைத்த கீரையைச் சாப்பிட மாட்டேன் என்று அவர்கள் அடம் பிடிப்பது குறைந்திருப்பதை மகிழ்ச்சியோடு பார்க்கிறேன்.

நான்கு பேரும் அதற்கு மேலும் உள்ள வீடுகளுக்கும், வாரத்தில் இரண்டு நாளாவது மீன் சமைக்கும் வீடுகளுக்கும் பெரிய மார்க்கெட்டைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கணவன் மனைவி மட்டும் உள்ள வீட்டுக்கும், லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை போன்ற பகுதிகளில் பக்கத்திலேயே நல்ல காய்க்கடை வாய்த்தவர்களுக்கும் மாதத்துக்கு இரண்டு முறை போனால் போதும், மற்ற வாரங்களில் அக்கம்பக்கத்துக் கடையே பார்த்துக்கொள்ளும். முதல் முறை போகிறவர்கள் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குள் அங்கே இருக்கும்படி கிளம்ப வேண்டும். கனமான கிழங்கையும் வெங்காயத்தையும் முதலில் வாங்கிப் பையின் அடியில் போட்டு, பிறகு மற்றக் காய்கள், அதன் மேல் தக்காளியும் கீரையும், கடைசியாக மீன் என்று வரிசையாகச் சுற்றி வர வேண்டும். மீனுக்கென்று மூடியுள்ள எவர்சில்வர் தூக்கு ஒன்றைத் தனியாக எடுத்துப் போங்கள். அதில் கொஞ்சம் ஐஸ் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டால் வீடு வந்து சேரும் வரை மீன் கெடாது.